கடல்நீர்த் தொட்டியும் பதினேழு துளிகளும்

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கடல்நீர் மீன்தொட்டி இருக்கின்றது. மூன்றடி நீளம். உள்ளே மணல், சீமெந்தில் வார்த்து மாதக்கணக்கில் ஊறப்போட்ட கற்கள், நாலைந்து நத்தைகள், கறுப்பும் மஞ்சளுமான உடலில் வெள்ளைப் பட்டி போட்ட ஒரு கோமாளி மீன். முன்பு இரண்டு மீன்கள் இருந்தன. மற்றது செத்துப் போனதற்கு நோய் காரணமல்ல. நான்தான் காரணம். தெரியாத ஒரு விடயத்தில் தெரிந்தவனைப் போலப் பதில் சொன்னேன். அந்தப் பதிலின் விலையை ஒரு வாயில்லாப் பிராணி கொடுத்தது.

கடலோர ஊர்களில் இப்போது பல வீடுகளில் பிள்ளைகள் இத்தகைய தொட்டிகளை வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்களது பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

தொட்டி என் இளைய மகனுடையது. பன்னிரண்டு வயது. பெருநாட் காசைச் சேர்த்து வாங்கினான். மாதங்கள் கழிந்தபின் ஒருநாள் கையில் ஒரு சோதனைக் குழாயுடன் வந்து நின்றான்.

"வாப்பா, பீ.எச். 7.8தான் காட்டுது. கடல்ல 8.1 எண்டு புத்தகத்துல இருக்கு. என்ன செய்யிற?"

நான் மத்ரஸாவில் ஓதிப் பட்டம் பெற்றவன். பாடசாலையில் இஸ்லாம் பாடமும் அறபும் கற்பிப்பவன். இரசாயனவியலுக்கும் எனக்கும் உள்ள தொடர்பு சாதாரண தரத்தோடு முடிந்துவிட்டது. ஆனாலும் பிள்ளையின் முன்னால் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல நாவு எழவில்லை. யாரோ எங்கோ சொன்னது நினைவுக்கு வந்தது. "அப்பச்சோடா கொஞ்சம் போடு, ஏறும்" என்றேன்.

குவித்த ஒரு தேக்கரண்டி போட்டான். மறுநாளும் 7.8. "இன்னும் போடு" என்றேன். இப்படி ஆறு நாட்கள். பீ.எச். அசையவேயில்லை. ஆனால் நீர் பால்போல் கலங்கிப் பின்னர் தெளிந்தது. கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ படிந்தது. நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஏழாம் நாள் உறவினர் வீட்டுக் கலியாணத்துக்காக வெளியூர் போய் அடுத்த நாள் இரவு திரும்பினோம். பம்ப் நின்று போயிருந்தது. தொட்டிக்குக் கண்ணாடி மூடியும் போட்டிருந்தோம். ஒரு மீன் மணலில் கிடந்தது. மற்றது நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

பம்பைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே சுழலும் பகுதி முழுவதும் கல்லாக இறுகிப் போன வெள்ளைப் படிவு. மகன் எதுவும் சொல்லவில்லை. அவன் என்னைக் குற்றம் சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

பீ.எச். வேறு, காரத்தன்மை வேறு

மூத்த மகள் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் படிக்கிறாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, "வாப்பா, நீங்க காரத்தன்மைய அளந்து பாத்தீங்களா?" என்று கேட்டாள். பீ.எச். அளந்தோமே என்றேன். "அது வேற, இது வேற" என்றவள், எனக்கு விளங்கும் விதத்தில் சொன்னாள்: "பீ.எச். எண்டா கடையில இண்டைக்கு உள்ள விலை. காரத்தன்மை எண்டா களஞ்சியத்தில இருக்கிற சாமான். விலையப் பாத்து களஞ்சியத்துல எவ்வளவு இருக்கெண்டு சொல்ல ஏலாது."

வியாபாரிகள் நிறைந்த ஊரில் பிறந்த எனக்கு இது நன்றாக விளங்கியது.

பீ.எச். என்ற அளவுகோலை 1909ஆம் ஆண்டில் சோரன்சன் என்ற டென்மார்க் இரசாயனவியலாளர் அறிமுகப்படுத்தினார். நீர் இந்த நேரத்தில் எவ்வளவு அமிலமாக அல்லது காரமாக இருக்கின்றது என்பதை அது காட்டும். காரத்தன்மை என்பதோ, வந்து சேரும் அமிலத்தை எவ்வளவு தூரம் அந்த நீர் தாங்கும் என்பதன் அளவு. கடல்நீரில் இந்தத் தாங்கும் சக்தியைக் கொடுப்பவை பெரும்பாலும் இருகாபனேற்று, காபனேற்று ஆகிய அயன்கள். போரேற்றும் சிறிதளவு பங்களிக்கும்.

மூடிய தொட்டியில் இந்தச் சேமிப்பு நாளுக்கு நாள் கரைகின்றது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவைப் பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக மாற்றும்போது அமிலம் உண்டாகின்றது. அமோனியாவிலுள்ள ஒரு மில்லிகிராம் நைதரசன் இவ்வாறு மாறும்போது, சுண்ணாம்புக் கணக்கில் சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும். அத்துடன் நத்தை ஓடு கட்டுவதற்கும், குழாய்ப்புழு தன் கூட்டைக் கட்டுவதற்கும், கல்லின் மேல் ஊதா நிறமாகப் படரும் சுண்ணாம்புப் பாசி வளர்வதற்கும் கல்சியமும் காபனேற்றும் தேவை. கடல் பெரிது, அதன் களஞ்சியம் குறையாது. நமது தொட்டியோ நூறு லீற்றர்.

அப்படியானால் பீ.எச். ஏன் குறைந்திருந்தது? காரணம் அறையில் இருந்தது. நுளம்புக்குப் பயந்து யன்னல்களை எப்போதும் மூடியே வைத்திருந்தோம். அந்த அறையில்தான் பிள்ளைகள் படிப்பதும் உறங்குவதும். மனிதர் விடும் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டு அறையில் சேர்ந்து, நீரில் கரைந்து, பீ.எச்.சைக் கீழே இழுத்திருக்கின்றது. இதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு பாத்திரத்தில் தொட்டி நீரை எடுத்து வெளி முற்றத்தில் வைத்து, சிறு வளிப்பம்பினால் ஓரிரு மணித்தியாலம் குமிழிவிட வேண்டும். பின்னர் பீ.எச். ஏறியிருந்தால், குறை நீரில் அல்ல, அறை வளியில். நாங்கள் செய்தபோது 7.8 என்பது 8.1 ஆயிற்று. யன்னலுக்கு நுளம்பு வலை அடித்துத் திறந்து வைத்திருந்தாலே போதுமாயிருந்தது.

காபனீரொட்சைட்டு கரைவதால் பீ.எச். குறையும், காரத்தன்மை மாறாது. அப்பச்சோடாவோ காரத்தன்மையை ஏற்றும், பீ.எச்.சை அவ்வளவாக அசைக்காது. இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்து, பலன் தெரியவில்லையென்று மேலும் மேலும் கொடுத்திருக்கிறேன். மிஞ்சிய காபனேற்று கல்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்பாகப் படிந்தது. சூடேறும் இடத்தில் இது விரைவாகப் படியும். பம்ப் அத்தகைய இடம்.

துளி எண்ணும் சோதனை

காரத்தன்மையை அளக்கும் சிறிய சோதனைப் பெட்டிகள் மீன் கடைகளில் கிடைக்கின்றன. செய்வது வேறொன்றுமல்ல, உயர்தர மாணவர்கள் ஆய்வுகூடத்தில் செய்யும் நியமிப்புத்தான். குறித்த அளவு நீரில், செறிவு தெரிந்த ஐதான அமிலத்தைத் துளித்துளியாக விட வேண்டும். நீரின் தாங்கும் சக்தி தீர்ந்து பீ.எச். சுமார் 4.5க்கு இறங்கும்போது, கூடவே உள்ள நிறங்காட்டி நிறம் மாறும். எத்தனை துளி சென்றது என்பதே விடை. பொதுவாகக் கிடைக்கும் ஒரு வகையில் 5 மில்லிலீற்றர் நீருக்கு ஒரு துளி ஒரு பாகை. நிறம் நீலத்திலிருந்து மஞ்சளாகும். வேறு வகைகளில் துளிக்குப் பதில் சிறு ஊசிக்குழலால் அமிலம் விடுவார்கள். நிறத்தைக் கருவியே வாசித்து எண்ணாகக் காட்டும் சிறிய மின்கருவிகளும் உண்டு.

இங்கே 'பாகை' என்பது ஜேர்மன் வன்மைப் பாகை. பெட்டிகளில் மூன்று விதமான அலகுகள் இருப்பதால் பலரும் குழம்புகின்றனர். இந்த வாய்பாட்டை மனதில் வைத்தால் போதும்: ஒரு மில்லிச்சமவலு என்பது 2.8 பாகை; அதுவே சுண்ணாம்புக் கணக்கில் மில்லியனில் 50 பங்கு. இயற்கைக் கடல்நீரின் காரத்தன்மை ஏறத்தாழ 6½ முதல் 7 பாகை. வீட்டுத் தொட்டிக்கு 7க்கும் 11க்கும் இடைப்பட்ட ஏதேனும் ஒரு பெறுமானத்தைத் தெரிந்தெடுத்து, அதிலேயே நிலையாக வைத்திருப்பது நல்லது. உயரமான எண்ணைவிட ஆடாத எண்ணே உயிர்களுக்கு உகந்தது.

அளக்கும்போது கவனிக்க வேண்டியவை இவை:

சோதனைக் குழாயை முதலில் தொட்டி நீராலேயே இரண்டு முறை கழுவ வேண்டும். குழாய் நீர் எஞ்சியிருந்தால் அளவு பிழைக்கும்.

நீரின் மேற்பரப்பு குழாயில் வளைந்து நிற்கும். அந்த வளைவின் அடிப்பகுதி கோட்டைத் தொட வேண்டும். கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும்.

அமிலப் போத்தலை நேர் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். சரித்துப் பிடித்தால் துளியின் பருமன் மாறும்.

ஒவ்வொரு துளிக்கும் பின் குழாயை நன்றாகச் சுழற்றிக் கலக்க வேண்டும். பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் நிறமாற்றம் தெளிவாகத் தெரியும். நிறத்தை மாற்றிய துளியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால், 5க்குப் பதிலாக 10 மில்லிலீற்றர் நீரை எடுக்கலாம். அப்போது ஒரு துளி அரைப் பாகை.

போத்தலின் காலாவதித் திகதியைப் பார்க்க வேண்டும். மூடியை இறுக மூடி, வெயில் படாத இடத்தில், சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். உள்ளே இருப்பது அமிலம்.

இருவர் அளந்தால் இரண்டு விடை

சோதனைப் பெட்டி வாங்கிவந்த அன்று அஸருக்குப் பின் முன்றலில் கூடினோம். மகன் முதலில் அளந்தான். 14 துளி. மகள் அளந்தாள். 17. இருவரும் தத்தம் விடையில் உறுதியாக நின்றார்கள். மூன்றாவதாக நான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்று என்னைப் பார்த்தார்கள். ஒருமுறை சொல்லிப் பட்டது போதும் என்று, "எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள என்ன வழி?" என்று கேட்டேன். வகுப்பில் மாணவர்களுக்கு, தெரியாததைத் தெரியாது என்பதும் அறிவின் ஒரு பகுதியே என்று எத்தனையோ முறை போதித்தவன் நான். சொந்த வீட்டில் அதைச் சொல்ல எனக்கு ஒரு மீன் சாக வேண்டியிருந்தது.

வழி மகளிடம் இருந்தது. விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு நீரைத் தயாரித்து அதை அளந்து பார்ப்பது. மூன்று கிராம் சுத்தமான அப்பச்சோடாவை ஒரு லீற்றர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் அதன் காரத்தன்மை 100 பாகை. அதில் 100 மில்லிலீற்றரை எடுத்து, மேலும் வடித்த நீர் விட்டு ஒரு லீற்றராக்கினால் 10 பாகை. இதுவே எங்கள் நியமக் கரைசல்.

மூன்று கிராமைச் சரியாக நிறுப்பதற்கு எங்கள் பேருவளையில் கஷ்டமில்லை. சீனன் கோட்டையில் இரத்தினக்கல் வியாபாரம் செய்யும் மச்சான் ஒருவரிடம் போனோம். ஒரு கரட் 0.2 கிராம், ஆகவே மூன்று கிராம் என்பது 15 கரட். நீலக்கல் நிறுக்கும் தராசில் சோடாத்தூள் நிறுத்ததைக் கண்டு அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். வடித்த நீருக்கு, வாகனப் பற்றரிக்கு விடும் சுத்திகரித்த நீரை வாங்கினோம். (அதே கடைகளில் பற்றரி அமிலமும் விற்பார்கள்; போத்தலை மாற்றி எடுத்துவிடக் கூடாது.)

மகள் அளந்தாள்: சரியாக 10 துளி. மகன் அளந்தான்: 8 துளி. அவன் போத்தலைச் சரித்துப் பிடித்திருந்தான். துளிகள் பெரிதாக விழுந்திருந்தன. நேராகப் பிடித்து மீண்டும் அளந்தான். 10. அவன் முகத்தில் பல நாட்களுக்குப் பின் சிரிப்பைக் கண்டேன். ஆக, பெட்டி சரி. தொட்டியின் காரத்தன்மை 17 பாகை. கடலில் உள்ளதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்!

குறைப்பதும் கூட்டுவதும்

ஏறிவிட்டதென்பதற்காக வினாகிரியோ வேறு அமிலமோ தொட்டியில் ஊற்றக் கூடாது. ஒரு பிழையை மற்றொரு பிழையால் திருத்த முடியாது. சோடா போடுவதை நிறுத்திவிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் பத்து லீற்றர் நீரை மாற்றினோம். 17 பாகையுள்ள 90 லீற்றருடன் 7 பாகையுள்ள 10 லீற்றர் கலந்தால் 16 பாகை. அடுத்த முறை 15க்குச் சற்று மேல். இப்படிப் பொறுமையாக இறக்கினோம். பம்பை மட்டும் தனியே கழற்றி, ஒரு கோப்பை வினாகிரியில் ஊற வைத்தோம். சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்தது. "இதுதான் வாப்பா அந்தச் சோதனைக் குழாய்க்குள்ளயும் நடக்கிறது. அமிலம் காபனேற்றைத் தின்னுது" என்றாள் மகள்.

மாறாக, காரத்தன்மை உண்மையிலேயே குறைந்திருந்தால் அப்பச்சோடா நல்ல மருந்துதான். 100 லீற்றரில் ஒரு பாகை ஏற்ற 3 கிராம் போதும். ஒரு நாளில் ஒரு பாகைக்கு மேல் ஏற்றாதிருப்பது பாதுகாப்பு. நன்னீரில் முழுமையாகக் கரைத்து, நீரோட்டம் உள்ள இடத்தில் மெதுவாக ஊற்ற வேண்டும். எங்களைப் போல் தூளைக் கொட்டக் கூடாது. கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர் வேறு பொருள்; அதில் அமிலமும் மாவும் கலந்திருப்பதால் தொட்டிக்கு ஆகாது.

கணக்குப் போடுமுன் தொட்டியில் உள்ள நீரின் உண்மையான அளவை அறிய வேண்டும். எங்கள் தொட்டி 90 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலம், நீர் நிற்கும் உயரம் 35. பெருக்கினால் 126 லீற்றர். கல்லையும் மணலையும் கழித்தால் நூறு லீற்றரளவில்தான் நீர்.

எவ்வளவு, எப்போது போடுவது என்பதை ஊகத்தால் அல்லாமல் கொப்பியால் அறிய வேண்டும். இந்த வெள்ளிக்கிழமை 8 பாகை. எதுவும் போடாமலே அடுத்த வெள்ளிக்கிழமை 7 என்றால், அந்தத் தொட்டியின் ஒரு வாரச் செலவு ஒரு பாகை. வாரத்துக்கு 3 கிராம் போதும். ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், ஒரே ஆள் அளப்பது நல்லது. உவர்ப்பையும் சேர்த்து அளக்க வேண்டும். நீர் ஆவியாகிக் குறைந்திருந்தால் உவர்ப்போடு காரத்தன்மையும் கூடியதுபோல் காட்டும். குறைந்த நீரை நன்னீரால் நிரப்பிய பின்னரே அளக்க வேண்டும்.

கடலில் இருந்து நேரே நீர் எடுப்பவர்கள் இடமும் காலமும் பார்க்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் எங்கள் பக்கக் கடல் கலங்கி நிற்கும். களு கங்கை, பெந்தோட்டை கங்கை ஆகியவற்றின் முகத்துவாரங்களுக்கு அருகே ஆற்று நீர் கலந்து உவர்ப்புக் குறைந்திருக்கும். உவர்ப்புக் குறைந்த நீரில் காரத்தன்மையும் குறைவாகவே இருக்கும். கொண்டுவந்த நீரையும் அளந்த பின்னரே தொட்டிக்கு விடுகிறோம்.

கண்ணாடிக்கு வெளியே

ஹிக்கடுவையில் கண்ணாடி அடித்தளம் போட்ட படகில் போய்ப் பவளப்பாறை பார்த்த நாளிலிருந்து, தொட்டியில் ஒரு பவளம் வைக்க வேண்டும் என்று மகன் கேட்டுக்கொண்டிருந்தான். எமது கடலில் பவளத்தை உடைத்து எடுப்பதைச் சட்டம் தடுக்கின்றது. தடுத்ததற்குக் காரணமும் உண்டு. தென்மேற்குக் கரையோரத்தில் பவளத்தைத் தோண்டிச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய காலம் இருந்தது. பின்னர் 1998இல் கடல் நீர் சூடேறி ஹிக்கடுவையிலும் கற்பிட்டிப் பக்கப் பார்களிலும் பவளங்கள் வெளுத்து மடிந்தன. எஞ்சியதையும் நாம் வீட்டுக்குக் கொண்டுவந்தால் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும் என்று சொன்னபோது மகன் விளங்கிக்கொண்டான்.

இன்னொன்றையும் அவனே கண்டுபிடித்தான். ஒருநாள் இரவு, "வாப்பா, நம்மட அறையில நடந்ததுதானே கடல்லயும் நடக்குது?" என்று கேட்டான். உண்மைதான். தொழிற்சாலைகளும் வாகனங்களும் விடும் காபனீரொட்சைட்டில் ஒரு பங்கு கடலில் கரைகின்றது. கைத்தொழில் யுகத்துக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த கடல் மேற்பரப்பின் சராசரி பீ.எச். இன்று 8.1 அளவுக்கு இறங்கியிருக்கின்றது. எண்ணில் சிறியது, ஆனால் ஓடு கட்டும் உயிர்களுக்குத் தேவையான காபனேற்று அதனால் அருகிப் போகின்றது. எங்கள் அறைக்கு ஒரு யன்னல் இருந்தது, திறந்துவிட்டோம். பூமிக்கு அப்படி ஒரு யன்னல் இல்லை.

இப்போது தொட்டி 8 பாகையில் நிற்கின்றது. கற்களில் மங்கிப் போன ஊதா நிறம் திரும்பிவருகின்றது. தனித்துப்போன மீன் முதலில் இரை எடுக்கவில்லை. இப்போது மகனின் விரலைக் கண்டால் மேலே வருகின்றது. இன்னொரு மீன் வாங்கித் தரவா என்று கேட்டேன். "கொஞ்சம் பொறுங்க வாப்பா. மூணு மாசம் கொப்பிய எழுதிப் பாத்துட்டு வாங்குவம்" என்றான்.

வளர்க்கவென்று ஓர் உயிரைக் கண்ணாடிக்குள் அடைத்துவிட்டால் அது நம் கையில் உள்ள அமானிதம். அதற்குத் தேவையான நீர் சரியா என்று அது நம்மிடம் வந்து சொல்லாது. நாம்தான் அளந்து அறிய வேண்டும். இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும் இன்று வெள்ளிக்கிழமை. மகன் முன்றலில் வெள்ளைத் தாளை விரித்து, போத்தலை நேராகப் பிடித்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறான். எட்டாவது துளியில் நிறம் மாறியது. கொப்பியில் எழுதிவிட்டு, சரிபார்க்கும்படி ராத்தாவிடம் குழாயை நீட்டுகிறான்.